மூடாமல் விட்ட டிஸ்க்

குன்னூர் பெட்ஃபோர்டு பக்கம் டிவியும் மிக்ஸியும் விற்கும் கடையொன்றில் இருபத்திரண்டு வருஷம் கவுண்டரில் நின்றவள் ஜெஸிந்தா. சம்பளச் சீட்டில் விற்பனைப் பெண் என்று போட்டிருந்தார்கள். அவள் பார்த்த வேலை வேறு. டிவிடி பிளேயரைச் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனவர்கள் மூன்றாம் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். அவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிற வார்த்தைகளுக்கெல்லாம் அர்த்தம் சொல்லி, கோபத்தை இறக்கி அனுப்ப வேண்டும். முதலாளிக்கே அந்த வார்த்தைகளில் பாதி தெரியாது. தெரிந்தது மாதிரி தலையாட்டிவிட்டு, "ஜெஸிந்தா, சாருக்குச் சொல்லும்மா" என்று நழுவிவிடுவார்.

வருகிறவர்களில் பாதிப் பேர் வெலிங்டன்காரர்கள். அங்கே ராணுவப் படிப்புக்கு வருகிற வெளிநாட்டு அதிகாரிகள், படிப்பு முடிந்து கிளம்பும் மாதத்தில் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். அந்த மாதத்தில் குன்னூர் ஜனங்களுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். எதற்கு ஆகும் என்றே தெரியாத பொருளையெல்லாம் வெளிநாட்டுச் சாமான் என்பதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். பிறகு பிளேயரில் நம்மூர் டிஸ்க்கைப் போட்டு, அது ஓடாமல், வாங்கின ஆளைத் திட்டிக்கொண்டு ஜெஸிந்தாவிடம் வந்து நிற்பார்கள்.

"அவர் ஒண்ணும் ஏமாத்தலீங்க," என்பாள். "இதுக்கு ரீஜன் கோடுன்னு பேரு. டிஸ்க் விக்கறவங்க உலகத்தை ஆறு துண்டாப் பிரிச்சு நம்பர் போட்டிருக்காங்க. நம்மளுது அஞ்சு. உங்க பொட்டி ஒண்ணாம் நம்பர் ஊர்ல செஞ்சது. கடையில வாங்கற அஞ்சாம் நம்பர் டிஸ்க்கை அது உள்ள சேத்துக்காது."

அமெரிக்கப் பெட்டியை நேராகச் சுவரில் சொருகிப் புகை வரவழைத்தவர்களுக்கு, அது நூற்றுப்பத்து வோல்ட்டில் ஓடுகிற பெட்டி என்றும், நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் கரண்ட்டைக் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்வாள். ஒரு தடவை மட்டும் பதிகிற டிஸ்க் எது, அழித்து அழித்துப் பதிகிற டிஸ்க் எது என்று சொல்வாள். "எல்லாம் ஒண்ணுதானுங்களே, வட்டமாத்தானே இருக்குது" என்று யாராவது சொல்லிவிட்டால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பழுதுக்கு ஒரு பெயர் உண்டு, பெயர் தெரிந்துவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை என்பது அவள் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

அதிகமாக அவள் சொன்ன பாடம் ஃபைனலைஸ். வீட்டிலேயே படம் பதிகிற ரெக்கார்டர்கள் வந்த காலம் அது. "பதிஞ்சு முடிச்சதும் டிஸ்க்கை மூடணுங்க. மூடறதுக்குப் பேருதான் ஃபைனலைஸ். மூடலைன்னா பதிஞ்ச பொட்டியில மட்டும்தான் ஓடும். மத்தப் பிளேயருக்கெல்லாம் அது வெறும் தட்டு. மூடிட்டா எங்க வேணும்னாலும் ஓடும், ஆனா அதுக்கு மேல ஒண்ணும் பதிய முடியாது."

ஊருக்கெல்லாம் இப்படிச் சொன்னவள் தன் வீட்டில் ஒரு டிஸ்க்கை மூடாமல் விட்டாள்.

அவள் கணவன் ஆண்ட்ரூ வெலிங்டனில் சிவிலியன் ஸ்டோர் கீப்பர். அவனுக்கும் அந்தக் கிறுக்கு இருந்தது. 2008இல் ஊருக்குக் கிளம்பிய ஓர் அதிகாரியிடம் வீடியோ கேமராவும் ரெக்கார்டரும் டிரான்ஸ்ஃபார்மருமாக மொத்தமாக வாங்கி வந்தான். அடுத்த வருஷம் நவம்பரில் மலை முழுக்கச் சரிந்தது. ரோடு அறுந்து ஜெஸிந்தா இரண்டு நாள் கடையிலேயே கிடந்தாள். வீட்டில் ஒன்பது வயது டெனினோடு இருந்த ஆண்ட்ரூ, மொட்டை மாடியில் ஏறி நின்று, வீட்டுக்கு மேலே இருந்த மேட்டுச் சதுப்பிலிருந்து இறங்கிய ஓடையைப் பதினேழு நிமிஷம் படம் பிடித்து வைத்தான். அவள் வந்ததும் போட்டுக் காட்டினான். அவள் பையனைக் கட்டிக்கொண்டு பாதிதான் பார்த்தாள்.

"நல்லவேளை, ஓடை நம்மள விட்டுத் தள்ளிப் போச்சு," என்றான். "கீழ பழைய தண்ணித் தொட்டி வரைக்கும் சேறு. பின்பக்கமும் கொஞ்சம் வந்துச்சு, தள்ளி விட்டுட்டேன்."

கொஞ்சம் என்றதை அவள் ஒரு பக்கெட் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டாள். டிஸ்க்கை மூடப் போனவனைத் தடுத்ததும் அவள்தான். இன்னும் முக்கால் டிஸ்க் காலியாக இருக்கிறது, ஈஸ்டருக்குப் பிறகு டெனினுக்குச் சர்ச்சில் முதல் தடவை நற்கருணை கொடுக்கிற புதுநன்மை வருகிறது, அதையும் இதிலேயே பதியலாம் என்றாள். புதுநன்மைக்குள் கேமராவின் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிட்டது. டிஸ்க் அப்படியே கிடந்தது. இரண்டு வருஷத்தில் மாரடைப்பில் ஆண்ட்ரூவும் போய்விட்டான். அவன் சாமான்களை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. ரெக்கார்டரைக் கம்பளியில் சுற்றித் தேயிலைப் பெட்டிக்குள் வைத்தாள்.

அதன் பிறகு அந்தச் சரிவில் என்னென்னவோ கட்டினார்கள். ஜெஸிந்தாவின் தங்கை ஈவ்லினும் அவள் கணவன் ஜினோவும், ஜெஸிந்தாவின் வீட்டுக்கு முப்பது படி கீழே, பழைய தொட்டியை ஒட்டி இடம் வாங்கி வீடு கட்டினார்கள். ஆண்ட்ரூ சொன்ன சேற்றை அப்போது ஜெஸிந்தாவும் நினைத்துப் பார்க்கவில்லை. ஜெஸிந்தாவும் கையில் கொஞ்சம் சேர்ந்ததும், சமையலறைக்குப் பின்னால் ஓர் அறை கட்டினாள். டெனின் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறான். பகலில் தூங்க அவனுக்குச் சத்தமில்லாத இடம் வேண்டும். போன வருஷம் வெளியூர்க்காரர் ஒருவர் மேட்டுச் சதுப்பில் மண்ணைக் கொட்டிச் சமன் செய்து, வரிசையாகக் காட்டேஜ் கட்டினார். அங்கே ஓடை ஒன்று இருந்ததா என்று கேட்டால், சர்வே வரைபடத்தில் இல்லையே என்றார். அவர் சொன்னது வாஸ்தவம். மழைக்கு மட்டும் வந்து போகிற ஓடையை எந்த வரைபடத்தில் போடுவார்கள்.

இந்த வருஷம் ஐப்பசியில் தொடங்கிய மழை நிற்கவில்லை. ஆறாம் நாள் காலையில் ஈவ்லின் வீட்டு வாசல் கதவு நிலையில் உரசியது. ஏழாம் நாள் அது பாதிக்கு மேல் மூடவே இல்லை. தொட்டிப் பக்கத்துச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். காட்டேஜ் மதிலுக்கு அடியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் கசிந்தது. மழை கொஞ்சம் ஓய்ந்தபோதும் அந்தக் கசிவு ஓயவில்லை. ஜெஸிந்தா படி இறங்கி வந்தாள்.

"ஈவ்லின், பாப்பாவைக் கூட்டிட்டு மேல வந்துருங்க," என்றாள். "பின்ரூம்ல படுத்துக்கலாம். டெனின் ஹால்ல படுத்துக்குவான்."

ஜினோ டாக்ஸி ஓட்டுகிறவன். போன மாதம் வழுக்கி விழுந்து வலது காலில் முட்டி வரை மாவுக்கட்டு. இந்த மழையில் அந்தக் காலோடு முப்பது படி ஏறுவது லேசுப்பட்ட காரியமில்லை. அதை ஒத்துக்கொள்ளவும் அவனுக்கு மனசில்லை. அதனால் வழக்குப் பேசினான்.

"மரக்கதவுன்னா மழைக்கு ஊதத்தான் செய்யுங்க அக்கா. ஓடை இந்தப் பக்கம் வந்துச்சுன்னு நீங்கதான் சொல்றீங்க. விக்கும்போது ஒருத்தரும் சொல்லலை. நீங்களும் பாக்கலை, அன்னைக்குக் கடையில இருந்தீங்க."

"டெனின் அப்பா தொட்டி வரைக்கும் சேறு வந்துச்சுன்னு சொன்னாரு. படமே புடிச்சு வச்சிருக்காரு."

"காட்டுங்க. பாத்தா அடுத்த நிமிஷம் கெளம்பறேன்."

மேலே போய் டிஸ்க்கை எடுத்து வந்தாள். உறையில் ஆண்ட்ரூவின் கையெழுத்தில் '2009 மழை' என்று இருந்தது. ஜினோவின் பிளேயர் அதை உள்ளே இழுத்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, டிஸ்க் இல்லை என்று எழுதிக் காட்டியது. உள்ளேதான் டிஸ்க் இருக்கிறது. ஜினோ சிரித்துவிட்டான். ஜெஸிந்தாவுக்கு முகம் சுண்டிப் போயிற்று. அந்தப் பழுதின் பெயர் அவளுக்குத் தெரியும். யாரால் வந்தது என்பதும் தெரியும். ஒரு மனுஷன் மூடுகிறேன் என்று சொன்னதை, புதுநன்மையையும் இதிலேயே பதியலாம் என்று தடுத்துவிட்டாளே. பதிந்த ரெக்கார்டரைக் கீழே இறக்குவதற்குள், அன்றைக்குச் சாயங்காலமே மலையில் கரண்ட் போய்விட்டது. செல்போன் டவரும் படுத்துவிட்டது. ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்குக் கரண்ட் வந்தது. எவ்வளவு நேரம் நிற்குமோ தெரியாது. டெனின் ஷிஃப்ட் முடிந்து, நனைந்துபோய்ப் பத்து மணிக்கு வந்து, பின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தான். ஜெஸிந்தா அவனை எழுப்பவில்லை. ரெக்கார்டரைக் கம்பளியோடு பிளாஸ்டிக் பையில் கட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, டிரான்ஸ்ஃபார்மரை மறு கையில் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் நாலு கிலோ இருக்கும். பன்னிரண்டாம் படி நேற்றைக்கு ஆடவில்லை. இன்றைக்குக் கால் வைத்ததும் ஆடியது.

ஈவ்லின் பாதி திறந்த கதவு வழியாகப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவளுடைய ஏழு வயது மகள் ஷைனா ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அப்பாவின் மாவுக்கட்டில் பேனாவால் பூ வரைந்துகொண்டிருந்தாள். ஜெஸிந்தா டிரான்ஸ்ஃபார்மரைச் சுவரில் சொருகி, அதில் ரெக்கார்டரைச் சொருகி, மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்களை டிவிக்குப் பின்னால் மாட்டினாள். ஓர் ஒயரும் இடம் மாறவில்லை. பதின்மூன்று வருஷம் பெட்டிக்குள் கிடந்த மெஷின் இரண்டு தடவை முனகியது. பிறகு, மூடாத அந்த டிஸ்க்கைத் தன்னுடையது என்று கண்டுகொண்டது. தலைப்பு ஒன்று, பதினேழு நிமிஷம் என்று திரையில் வந்தது.

ஆண்ட்ரூவின் இருமல் முதலில் கேட்டது. ஜெஸிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். எத்தனை வருஷம் ஆயிற்று அந்த இருமலைக் கேட்டு. படத்தில் மழைச் சாரல், சேற்று நிறத்தில் ஓடை, உருண்டு வருகிற ஒரு மரத்தூர். சில்வர் ஓக் வரிசைக்கு அந்தப் பக்கமாக ஓடை பாய்ந்து இறங்கிப் பள்ளத்தாக்கில் விழுந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம். அவ்வளவும் ஓக் மரங்களுக்கு அந்தப் பக்கம்தான்.

"இது நம்ம பக்கமே வரலீங்களே," என்றான் ஜினோ. குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அவனுக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது. "ஓக்கு மரத்துக்கு அந்தாண்ட போகுது. நாம இந்தாண்ட இருக்கோம். தொட்டியையே காணோம் பாருங்க."

ஆண்ட்ரூ தொட்டி என்று சொன்னது அவள் காதில் விழுந்த வார்த்தை. பொய் சொல்கிற ஆள் இல்லை அவன். ஈவ்லின் அக்காவின் முகத்தையும் புருஷனின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். துணி மடித்து வைத்திருந்த பையைக் கட்டிலுக்கு அடியில் திரும்பத் தள்ளவும் போனாள்.

அப்போதுதான் ஜெஸிந்தாவின் கண் படத்தின் ஓரத்தில் நின்றது. டிவி அகலத் திரை. படம் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நிறைந்திருந்தது. அந்தக் காலத்துக் கேமரா படம் இப்படி நிறையாது. நாலுக்கு மூன்று என்கிற அளவில், கிட்டத்தட்டச் சதுரமாகத்தான் பதியும். அகலத் திரையில் அதைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்க வேண்டும்.

"ஜினோ, டிவியில ஸூம் வச்சிருக்கீங்களா?"

"ஆமாங்க. கறுப்பா நின்னா எனக்குப் பாக்கப் புடிக்காது. எப்பவும் ஃபுல் ஸ்க்ரீன்தான்."

கவுண்டரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் இதை. பட்டையை எடுப்பதற்காக டிவி படத்தை இழுத்துப் பெரிதாக்கும். பக்கவாட்டில் நிறைந்துவிடும். அதற்குப் பதிலாக மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டுப் போகும். ஆஸ்பெக்ட் ரேஷியோவைத் தொடாதீங்க, கல்யாண வீடியோவில் கால் தெரியாமல் போய்விடும் என்று சிரித்துக்கொண்டு சொல்லுவாள். தன் வீட்டு டிவியிலும் ஆண்ட்ரூ ஸூம்தான் வைத்திருந்தான். கடையில் தள்ளுபடியில் வாங்கிய புது அகலத் திரை, பட்டை நிற்கலாமா என்று அவளும் விட்டுவிட்டாள். அப்படியானால் அன்றைக்கு அவள் பார்த்ததும் வெட்டுப்பட்ட படத்தைத்தான்.

ரிமோட்டை வாங்கி அளவை மாற்றினாள். படம் சுருங்கியது. இரண்டு பக்கமும் கறுப்பு வந்து நின்றது. மேலே கொஞ்சம் வானம் கூடியது. கீழே நாலு விரல் அகலத்துக்குப் படம் கூடியது.

அந்த நாலு விரலுக்குள் தொட்டி இருந்தது. தொட்டியின் விளிம்பு வரை சேறு. ஓக் மரங்களுக்கு இந்தப் பக்கமாக இன்னோர் ஓடை, முதல் ஓடைக்குக் கொஞ்சமும் குறையாத ஓடை, இப்போது ஈவ்லின் கட்டில் போட்டிருக்கிற இடத்தின் மேலேயே போய்க்கொண்டிருந்தது. ஜினோ எழுந்து நிற்கப் பார்த்து, கால் வலித்து உட்கார்ந்தான். ஷைனா வரைவதை நிறுத்திவிட்டாள்.

"பைய எடு ஈவ்லின்," என்றான் ஜினோ. "மேல அக்கா ஊட்டுக்குப் போயிரலாம். நான் உக்காந்து உக்காந்தாவது ஏறிக்கறேன்."

இரண்டாம் ஓடை எங்கிருந்து வருகிறது என்று ஜெஸிந்தாவின் கண் அதன் வழியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனது. அது சதுப்பிலிருந்து நேராக வரவில்லை. படத்தின் அடியில், வலது மூலையில், ஒரு துணி துவைக்கிற கல் தெரிந்தது. அவளுடைய கல். சமையலறைக்குப் பின்னால் கிடந்த கல். மண்ணைக் கிழித்துக்கொண்டு ஊற்று மாதிரி அதன் அடியிலிருந்துதான் அந்த ஓடை கொப்பளித்து வந்தது. கேமராவை வைத்துவிட்டு ஆண்ட்ரூ மண்வெட்டியோடு அதைத் தள்ளி விடத்தான் கீழே இறங்கினான் போலிருக்கிறது. "டெனின், நீ இங்கயே மாடியில நில்லு, கீழ வராத," என்று படத்துக்குள் அவன் குரல் சொல்லியது. கேமரா ஆடி, தரையைப் பார்த்து நின்றுவிட்டது.

அந்தக் கல்லைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, அதே இடத்தில் கடைக்கால் தோண்டி, அவள் பின் அறையைக் கட்டியிருந்தாள். கொத்தனார் ஈரமாக இருக்கிறதே என்றதற்கு, துணி துவைத்த இடம் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னதும் அவள்தான்.

"அக்கா," என்றாள் ஈவ்லின். "அங்க டெனின் தூங்கறான்."

"எங்க ஊட்டுக்கு வராதீங்க. இந்தச் சரிவை விட்டுத் தள்ளி, பக்கவாட்டுல சர்ச் ரோட்டுக்கு ஏறுங்க. ஒண்ணும் எடுக்காதீங்க," என்றாள் ஜெஸிந்தா.

"நீங்க போங்க," என்றான் ஜினோ. பேச்சில் வழக்கு ஒன்றும் மிச்சமில்லை. "நாங்க போயிருவோம். அவனை எழுப்புங்க, போங்க."

ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெஸிந்தா குடை எடுக்கவில்லை. படிகளில் தண்ணீர் முழுச் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் படி இருந்த இடத்தில் இப்போது குழி. கையை ஊன்றி, தேயிலைச் செடியைப் பிடித்து ஏறினாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர வேறு ஜெபம் வாயில் வரவில்லை. அவன் பெயரைக் கூப்பிட்டாள். மழைச் சத்தத்தில் அவளுக்கே அது கேட்கவில்லை. ஐம்பத்து நாலு வயதில் அவள் அப்படி ஏறியதில்லை.

சமையலறை வழியாக ஓடிப் பின் அறைக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். பிறகு தாழ்ப்பாள் விலகியது. டெனின் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

"என்னம்மா நீங்க. வெளிய பைப்பைத் திறந்து விட்டுட்டுப் போயிட்டீங்களா? மத்தியானத்துல இருந்து கட்டிலுக்குக் கீழ தண்ணி ஓடற மாதிரியே கேக்குது. தூங்கவே முடியல."

அவள் குனிந்து சிமெண்ட் தரையில் உள்ளங்கையை வைத்தாள். தரை காய்ந்துதான் இருந்தது. ஆனால் அடியில் ஏதோ ஓடுவது கைக்குத் தெரிந்தது. அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவன் செருப்பைத் தேடிக் கட்டிலுக்கு அடியில் காலை விட்டான்.

"வேண்டாம்டா," என்றாள். "அப்படியே வா."